ஒக்கியம் மடுவு: யார் ஆக்கிரமிப்பாளர்?

கிழக்குத் தாம்பரத்தில் பெய்யும் மழை எங்கே போய்ச் சேர்கிறது? சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகள் நிரம்பினால், கலங்கல் வழியே வெளியேறும் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைத் தொட்டுப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் விழுகிறது. ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீர் வந்து சேரும் தாழ்நிலம் அது. அங்கிருந்து அந்நீர் வெளியேறுவதற்கான முதன்மை வழி, ஒக்கியம் மடுவு என்னும் சிற்றோடை. பழைய மாமல்லபுரம் சாலையைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் கலக்கும் அந்நீர், தெற்கே திரும்பி, முட்டுக்காட்டில் கோவளம் கழிமுகம் வழியாகக் கடலை அடைகிறது.

மடுவு குறுகினால் மேலே உள்ள அத்தனை ஊர்களிலும் நீர் தேங்கும். கடல் ஓதம் உயரும் நாட்களில் கால்வாயும் நீரை எளிதில் வாங்குவதில்லை. ஆகவே, வெள்ளத்தைத் தாங்கி வைத்து மெல்ல விடுவதே சதுப்புநிலத்தின் பணி. அப்பணியை அறியாத நிர்வாகம், பல்லாண்டுக் காலம் அதைப் பயனற்ற தரிசாகவே கருதியது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலை, தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் எனச் சதுப்புநிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது, எஞ்சிய சுமார் 1,248 ஹெக்டேர் மட்டுமே.

இந்த நில அமைப்பைச் சாதியின் கண்கொண்டும் பார்க்க வேண்டும் என்கிறோம். 2000ஆம் ஆண்டு முதல், சென்னையின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் வாழ்ந்த மக்களைக் குடிசை மாற்று வாரியம் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது. அவர்களுள் பெரும் பகுதியினர் தலித்துகள். கண்ணகி நகர் ஒக்கியம் மடுவை ஒட்டியது. மற்ற இரண்டும் இதே வடிநிலத்தின் தாழ்வான பகுதிகள். 2015 பெருவெள்ளத்துக்குப் பின், அடையாற்றங்கரையில் வாழ்வது ஆபத்து என்று கூறி அகற்றப்பட்ட குடும்பங்கள் பெரும்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அங்கும் வெள்ளம் சூழ்ந்தது. ஒரு நீர்வழியின் கரையிலிருந்து அகற்றப்பட்டவர்கள், மற்றொரு நீர்வழியின் பள்ளத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். அதுவும் வேலையையும் பள்ளியையும் இழந்து.

நீர்நிலைகளைக் காக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளம் முதலில் புகுவது நம் மக்களின் வீடுகளுக்குள்தான். ஆனால் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல் குடிசையின்மீது மட்டும் பாய்வது ஏன்? பட்டாவும் திட்ட அனுமதியும் பெற்ற கான்கிரீட்டும் நீரை அதேபோலத்தான் தடுக்கிறது. ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இல் உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், முறையான அறிவிப்பின்றி அகற்றுதல் கூடாது என்றும் கூறியது. அகற்றுவதற்குப் பொருந்தும் இந்த நியாயம், குடியமர்த்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்கும் பொருந்த வேண்டும் என்பதே நம் வாதம்.

மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. உங்கள் ஊர் ஏரியின் கலங்கலிலிருந்து மடுவு வரை நடந்து பாருங்கள். கிராம வரைபடம், ‘அ’ பதிவேடு, புலப்பட நகல் ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுங்கள். ஓடைப் புறம்போக்கு என்று பதிவான புல எண்களில் இன்று நிற்பவை எவை, அவற்றுக்கு அனுமதி அளித்தது யார் என்று குறித்து வையுங்கள். அடுத்த முறை குடிசைகளை நோக்கிப் புல்டோசர் வரும்போது, அந்தப் பட்டியலே நீதிமன்றத்தில் நம் முதல் ஆவணமாக அமையும்.