கோடு எழுதியவர் அடிக்குறிப்பில், மற்றவர்கள் அட்டையில்: ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் யார்?

நீங்கள் உட்கார்ந்து கோடு எழுதுகிறீர்கள். அது ஓடுகிறது. யாருமே எதிர்பார்க்காத ஒரு ரிசல்ட் வருகிறது. அதை வைத்து ஓர் அறிக்கை தயாராகிறது. எழுதியவர்கள் என்று மூன்று பெயர்கள் போடுகிறார்கள், அதில் உங்கள் பெயர் இல்லை. உள்ளே ஓர் அடிக்குறிப்பில், திறமையாகக் கோடு எழுதிக் கொடுத்ததற்காக உங்களுக்கு ஒரு வரி நன்றி.

ஐடி துறையில் இருப்பவர்களுக்கு இது கேட்டுப் பழகிய கதையாகத் தெரியலாம். நடந்தது 1955-ல், அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில். அந்த மூவரில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி. மற்ற இருவர் ஜான் பாஸ்தா, ஸ்டானிஸ்லா உலாம். அடிக்குறிப்பில் இருந்தவர் மேரி சிங்கூ, அப்போது இருபதுகளில் இருந்த கணிதப் பட்டதாரி.

கம்பியை வைத்து என்ன செய்தார்கள்?

ஒரு வீணைக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். மீட்டினால் ஒரே ஒரு ஒலி மட்டும் வருவதில்லை. கம்பி முழுதாக அதிர்கிறது, அதே நேரத்தில் இரண்டு பாதியாக, மூன்று பங்காக என்றும் அதிர்கிறது. பாடப்புத்தகக் கணக்குப்படி இந்த அதிர்வுகள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வதே இல்லை. முதல் அதிர்வுக்குக் கொடுத்த ஆற்றல் கடைசிவரை அதிலேயே இருக்கும்.

நிஜக் கம்பி அப்படி இல்லை. இரண்டு மடங்கு இழுத்தால் சரியாக இரண்டு மடங்கு விசை என்ற விதியிலிருந்து அது கொஞ்சம் விலகும். அந்தச் சின்ன விலகலைக் கணக்கில் சேர்த்தால் என்ன ஆகும்? ஒரு அதிர்வில் போட்ட ஆற்றல் மெல்ல மெல்ல எல்லா அதிர்வுகளுக்கும் பரவி, தண்ணீரில் விட்ட மைத்துளி மாதிரி சமமாகக் கலந்துவிடும் என்றுதான் எதிர்பார்த்தார்கள்.

கையால் போட முடியாத கணக்கு அது. ஆய்வகத்தில் மேனியாக் என்ற கம்ப்யூட்டர் இருந்தது. கம்பியை அதிகபட்சம் 64 புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நகர்வையும் படிப்படியாகக் கணக்கிட வேண்டும். ஃபோர்ட்ரான் மொழி வெளியானதே 1957-ல்தான். அதற்கு முன்பு கோடிங் என்றால், கணக்கின் ஒவ்வோர் அடியையும் அந்த இயந்திரத்துக்குப் புரிகிற கட்டளைகளாக உடைத்துக் கொடுப்பது. அதைச் செய்தவர் சிங்கூ. 1955 மே 20 என்று தேதியிட்டு அவர் கையால் வரைந்த அல்காரிதம் படம் இன்றும் இருக்கிறது.

கணக்கு ஓடியது. ஆற்றல் முதலில் சில அதிர்வுகளுக்குப் பரவியது. பிறகு யாரும் நினைக்காதபடி, சில சதவீதம் போக மற்றதெல்லாம் கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தது. தண்ணீரில் கரைந்த மை மறுபடி துளியாகச் சேர்ந்தது போல.

இந்தப் புதிர் அடுத்த பத்து ஆண்டுகளில் திரவ இயக்கவியலுக்குள் போனது. 1965-ல் நார்மன் சபுஸ்கியும் மார்ட்டின் கிரஸ்கலும் இதற்கான விளக்கத்தைத் தேடும்போது, ஆழமற்ற கால்வாயில் ஓடும் அலைகளுக்காக 1895-ல் எழுதப்பட்ட ஒரு சமன்பாட்டை எடுத்தார்கள். அதில் ஒன்றையொன்று கடந்த பிறகும் உருக்குலையாமல் போகிற அலைகள் கிடைத்தன. அவற்றுக்கு 'சாலிட்டான்' என்று பெயர் வைத்தார்கள். ஆப்டிகல் ஃபைபரில் ஓடும் ஒளித்துடிப்புகள் பற்றிய ஆய்வுவரை அந்தச் சொல் போயிருக்கிறது. கம்ப்யூட்டரையே ஒரு பரிசோதனைக் கூடமாகப் பயன்படுத்திய முதல் ஆய்வுகளில் ஒன்று என்று 1955 அறிக்கையைச் சொல்வார்கள்.

பெயர் எங்கே காணாமல் போனது?

ஃபெர்மி குழு சிங்கூவை ஒளித்து வைத்தது என்று சொல்ல முடியாது. அறிக்கையின் முதல் பக்கத்தில் இரண்டு பட்டியல்கள் உண்டு. 'வேலையைச் செய்தவர்கள்' என்பதில் நான்கு பெயர்கள், சிங்கூவும் இருக்கிறார். 'அறிக்கையை எழுதியவர்கள்' என்பதில் மூன்று பெயர்கள். இதில் ஒரு முரண் உண்டு. ஃபெர்மி 1954 நவம்பரிலேயே இறந்துவிட்டார், அறிக்கையின் தேதி 1955 மே. எழுதி முடிக்கும்போது உயிரோடு இல்லாதவர் 'எழுதியவர்' ஆனார். அது தவறில்லை, அவர் பங்களிப்பு அப்படி. ஆனால் பங்களிப்புதான் அளவுகோல் என்றால், அதே அளவுகோலை நான்காவது பெயருக்கும் வைத்திருக்கலாமே?

அதன் பிறகு வந்தவர்கள் எழுதியவர் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மேற்கோள் காட்டுவது அப்படித்தான் வேலை செய்கிறது. மூன்று பெயர்களின் முதல் எழுத்துகள் சேர்ந்து 'எஃப்.பி.யூ. புதிர்' ஆனது. பாடப்புத்தகம், கருத்தரங்கம் எல்லாவற்றிலும் அதே பெயர்.

இதைவிட ஒரு படி மேலே போனது 1972. ஜேம்ஸ் டக் என்பவரோடு சேர்ந்து சிங்கூ அதே கம்பியை இன்னும் நீண்ட நேரம் ஓடவிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். இந்த முறை அவர் ஆசிரியர். ஆனால் திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்ததால் அச்சானது 'எம்.டி.மென்செல்' என்று. கட்டுரையின் தலைப்பிலேயே எஃப்.பி.யூ. என்ற மூன்று எழுத்துகள். தான் கோடு எழுதிய புதிரைப் பற்றி, தன் பெயர் இல்லாத பெயரால் அவரே எழுத வேண்டியிருந்தது. அந்த மென்செல்தான் இந்த சிங்கூ என்பது பலருக்குத் தெரியவே இல்லை.

2008-ல் பிரான்ஸ் இயற்பியலாளர் தியரி தோஷுவா 'ஃபிசிக்ஸ் டுடே' இதழில் இதை எடுத்து எழுதி, இனி இதை எஃப்.பி.யூ.டி. என்று அழைக்கலாம் என்றார். இப்போது பல கட்டுரைகளில் அந்த நான்காவது எழுத்தைப் பார்க்கலாம். ஆனது 53 ஆண்டுகள்.

பட்டாம்பூச்சியை வரைந்தது யார்?

இன்னொரு கேஸ், இது நேரடியாகத் திரவ இயக்கவியல். சூடாகும் திரவம் மேலே எழும்பி, குளிர்ந்து, கீழே இறங்கும் சுழற்சியை மூன்று சமன்பாடுகளாகச் சுருக்கி, 1963-ல் எம்.ஐ.டி.யின் எட்வர்ட் லோரன்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். தொடக்கத்தில் துளி மாற்றம் இருந்தாலும் முடிவு அடையாளம் தெரியாமல் மாறிவிடும் என்ற கேயாஸ் கோட்பாட்டின் அடித்தளம் அது. இரண்டு சிறகு விரித்தது போன்ற அந்தப் படத்தை டி-ஷர்ட்டில்கூடப் பார்த்திருப்பீர்கள்.

கட்டுரையில் ஆசிரியர் ஒருவர்தான். கணக்குகளைக் கம்ப்யூட்டரில் கையாண்டதற்கும், வரைபடங்களைத் தயாரித்ததற்கும் எலன் ஃபெட்டருக்குச் சிறப்பு நன்றி, கடைசியில். அவருக்கு முன்பு லோரன்ஸுக்குக் கோடு எழுதியவர் மார்கரெட் ஹாமில்டன். ஆமாம், பின்னாளில் அப்போலோ விண்கலத்தின் மென்பொருள் குழுவை வழிநடத்திய அதே ஹாமில்டன். (சொல்லப்போனால், பிரேசிலில் பட்டாம்பூச்சி சிறகடித்தால் டெக்சஸில் சூறாவளி வருமா என்ற அந்தப் புகழ்பெற்ற 1972 உரைத் தலைப்பும் லோரன்ஸ் வைத்தது இல்லை. அவர் தலைப்பு அனுப்பாததால் அமர்வு ஒருங்கிணைப்பாளர் ஃபிலிப் மெரிலீஸ் வைத்தது.)

இது இரண்டு தனிப்பட்ட சம்பவமா, அல்லது வழக்கமா? டேட்டாவோடு வேலை செய்பவளுக்கு வருகிற முதல் கேள்வி அதுதான். மக்கள்தொகை மரபியல் துறையில் ஓர் இதழை எடுத்து, 1970 முதல் 1990 வரை வந்த கட்டுரைகளின் நன்றியுரைகளை எண்ணிப் பார்த்த ஆய்வு 2019-ல் வெளியானது. ஆசிரியர்களில் பெண்கள் சுமார் 7%. நன்றி மட்டும் சொல்லப்பட்ட புரோகிராமர்களில் பெண்கள் சுமார் 43%. துறை வேறு, ஆனால் அச்சு அதேதான். நன்றியுரைக்கு மேற்கோள் எண்ணிக்கையில் இடமில்லை. வேலை, பதவி உயர்வு, நிதி எல்லாம் பார்க்கும் பட்டியலில் அது வராது.

ஆசிரியராக இடம் கிடைத்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. மிருதங்கம், தபலா தோலின் நடுவில் இருக்கும் கருப்புப் பூச்சுதான் அவற்றுக்கு இசை ஒழுங்கைத் தருகிறது என்பதை சி.வி.ராமன் விளக்கினார் என்று படித்திருப்போம். 1920-ல் 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் குறிப்பில் ஆசிரியர்கள் இருவர்: ராமன், சிவகாளி குமார். இரண்டாவது பெயரை எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

இப்போது விதி என்ன சொல்கிறது?

அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் நெறிமுறைப்படி, ஆய்வின் கருத்து, வடிவமைப்பு, செயலாக்கம், விளக்கம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க பங்களித்தவர்கள் ஆசிரியர்கள். 'செயலாக்கம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதன்படி பார்த்தால் சிங்கூவையும் ஃபெட்டரையும் வெளியே வைக்க முடியாது என்பதுதான் என் வாசிப்பு. மருத்துவ இதழ்களின் விதி இன்னும் கறாரானது: பங்களிப்பு மட்டும் போதாது, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கெடுத்து, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்து, உள்ளடக்கத்துக்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். இது இருபுறமும் வெட்டும் கத்தி. பேருக்குப் பெயர் சேர்த்துக்கொள்ளும் துறைத் தலைவரைத் தடுக்கும். ஆனால் வரைவையே கண்ணில் காட்டாமல், 'நீ எழுதவில்லையே' என்று சொல்லி உங்களைக் கழற்றிவிடவும் உதவும். இந்த இரண்டாவது தந்திரம் கூடாது என்று அதே விதி தெளிவாகச் சொல்கிறது. பங்களித்தவருக்கு எழுதவும் திருத்தவும் வாய்ப்பு தந்தாக வேண்டும்.

இதோடு, கிரெடிட் என்ற 14 வகைப் பங்களிப்புப் பட்டியலைப் பல இதழ்கள் இன்று கேட்கின்றன. யார் யோசித்தது, யார் நிதி திரட்டியது, யார் படம் வரைந்தது என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். அதில் 'மென்பொருள்' என்று ஒரு வகையே உண்டு. ஆனால் பல இதழ்களில் அந்தக் கட்டத்தில் ஆசிரியர்களின் பெயர்தான் வரும். பட்டியலுக்குள் நுழைந்த பிறகுதான் அது பயன்படும்.

அதனால் ஒரு ஐஐடி ஆய்வுக்கோ, வெளிநாட்டுப் பேராசிரியரின் புராஜெக்ட்டுக்கோ சிமுலேஷன் கோடு எழுதப் போகிறீர்கள் என்றால், கேட்க வேண்டிய நேரம் வேலை தொடங்கும்போதுதான். கட்டுரை வந்தால் என் பெயர் ஆசிரியர் வரிசையிலா, நன்றியிலா? வரைவு எனக்கு வருமா? ஒரு மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் கூச்சமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, இன்றே செய்துவிடலாம். 2012 முதல் ஆர்கிட் என்ற 16 இலக்க எண்ணை ஆய்வாளர்களுக்கு இலவசமாகத் தருகிறார்கள். இனிஷியல் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து ஒரு தடவை என்று மூன்று விதமாக அச்சாகும் நம் ஊர்ப் பெயர்களுக்கு இது ரொம்பவே தேவை. கல்யாணத்துக்குப் பிறகு பெயரை மாற்றுபவர்களுக்கும்தான். பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது, பதிவு செய்ய சில நிமிடங்கள் போதும்.