லாரி இஞ்சினில் வேறு சத்தமா? வியாபாரி அறிய வேண்டியவை

நம் பகுதி வியாபாரம் சக்கரத்தின் மேல் நடக்கிறது. வேப்பனப்பள்ளி, கர்நாடக, ஆந்திர எல்லைகளை ஒட்டிய ஊர். அரிசி, பருப்பு, எண்ணெய் வெளியிலிருந்து வந்தாக வேண்டும். தக்காளியும் மாங்காயும் வெளியே போயாக வேண்டும். ஓசூரில் அசோக் லேலண்ட் தொழிற்சாலை 1980ல் வந்தது. 1986ல் டாடா 407 வந்தது. 2011ல் ஓசூரிலேயே தயாரான தோஸ்த் வந்தது. இன்று நடுத்தர மளிகைக் கடைக்காரர்கூட சொந்த வண்டி வைத்திருக்கிறார்.

ஆனால் டிரைவர் வழியில் நின்று, "முதலாளி, இஞ்சின்ல வேற சத்தம் வருது, என்ன பண்ணட்டும்?" என்று போன் செய்தால், நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "எப்படியாவது வந்து சேந்துடுப்பா, சரக்கு வீணாகிடும்." சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலையை முழு இஞ்சின் செலவாக்குவது பல நேரம் இந்தப் பதில்தான். நான் மொத்த வியாபாரி, மெக்கானிக் அல்ல. ஆனாலும் போனில் சரியான பதில் சொல்ல மெக்கானிக் வேலை தெரிய வேண்டியதில்லை. சரியான கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஒன்று: ஆயில் விளக்கு எரிகிறதா, ஆயில் மீட்டர் இறங்கியிருக்கிறதா? இரண்டு: இஞ்சின் சூடு ஏறியிருக்கிறதா? மூன்று: சத்தம் எப்போது வருகிறது? காலையில் ஸ்டார்ட் செய்தவுடனா, லோடோடு ஏற்றம் ஏறும்போதா, கிளச் மிதிக்கும்போதா? "டக் டக்கென்று வருகிறது" என்பதைவிட "எப்போது வருகிறது" என்பதுதான் மெக்கானிக்குக் குறிப்பு.

உடனே நிறுத்த வேண்டிய சத்தம்

இஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து தொம் தொம் என்று கனமாக இடிக்கும் சத்தம் வந்து, ஆக்சிலேட்டர் மிதித்தால் கூடுகிறது, ஆயில் பிரஷரும் குறைகிறது என்றால், கிராங்கின் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் ஓடுகிறது. அது இல்லாவிட்டால் இரும்பு இரும்பை உரசும். அந்த நிலையில் கிருஷ்ணகிரியிலிருந்து மேலுமலை ஏற்றம் ஏறி ஓசூர் போகச் சொன்னால், கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கையே உடைத்துவிடலாம்.

சொல்ல வேண்டிய பதில் இதுதான்: "ஓரமாக நிறுத்து, இஞ்சினை அணை, சில நிமிஷம் கழித்து ஆயில் குச்சியைப் பார்." ஆயில் குறைவாக இருந்தால் ஊற்றிப் பார்க்கலாம். அதன் பிறகும் விளக்கு எரிந்தாலோ, சத்தம் நிற்காவிட்டாலோ, வேறு வண்டி பிடித்து சரக்கை மாற்றிவிட்டு, நம் வண்டியைக் கட்டி இழுத்து வரவேண்டும். வாடகை வண்டிச் செலவு கசக்கும். இஞ்சின் செலவோடு பார்த்தால் அது சிறியது.

டர்போ பகுதியில் இரும்பு உரசும் சத்தத்தோடு நீலப் புகை வந்தாலும் நிறுத்தவே வேண்டும்.

பயப்பட வேண்டாத சத்தம்

டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி, 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. மார்கழி, தை மாதக் குளிரில் இஞ்சின் சில்லென்று இருக்கும்போது டீசல் சற்றுத் தாமதமாகப் பற்றி, மொத்தமாக வெடிக்கும். அதனால்தான் காலையில் கடகடவென்று சத்தம். சில நிமிஷத்தில் அடங்கினால் கவலை இல்லை. சூடான பிறகும் ஒரே சிலிண்டர் மட்டும் தட்டி, புகையும் வந்தால் நாசிலைச் சோதிக்க வேண்டும்.

பழைய பம்பு வண்டிகளில் மெக்கானிக் நாசில் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எதில் சத்தம் மாறுகிறது என்று கண்டுபிடிப்பார். காமன் ரெயில் வண்டிகளில் இதைச் செய்யவே கூடாது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகள் பெரும்பாலும் இந்த வகைதான். அந்தப் பைப்பில் இருக்கும் அழுத்தம் லாரி டயர் காற்றழுத்தத்தைப்போல் 100 மடங்குக்கு மேல். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். டிரைவரையோ கிளீனரையோ கை வைக்க விடாதீர்கள். ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கே அனுப்புங்கள்.

மேலே டிக் டிக் என்று வந்தால் டேப்பட் இடைவெளி பார்க்க வேண்டும். நியூட்ரலில் நிற்கும்போது வரும் சத்தம் கிளச் மிதித்தால் நின்றால் கியர்பாக்ஸ் பேரிங், மிதித்தால்தான் வருகிறது என்றால் கிளச் ரிலீஸ் பேரிங். கீச்சென்று கத்தினால் பேன் பெல்ட். இவற்றுக்கெல்லாம் மெதுவாக ஊர் வந்து சேரலாம். ஆனால் வாரக்கணக்கில் தள்ளிப் போடக்கூடாது.

டிரைவர் சொல்லும்படி வைத்திருங்கள்

சத்தத்தை முதலில் கேட்பவர் டிரைவர். நிறுத்தினால் திட்டு விழும் என்று தெரிந்தால் அவர் சொல்லமாட்டார், ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டிவருவார். கடையில் கணக்கு நோட்டு இருப்பதுபோல் வண்டிக்கும் ஒரு நோட்டு வையுங்கள்: ஆயில் மாற்றிய தேதி, கிலோமீட்டர், டிரைவர் சொன்ன குறை, அதற்குச் செய்த வேலை. வாரம் ஒருமுறை நீங்களே கேட்டு எழுதுங்கள். சந்தேகத்துக்காக வண்டியை நிறுத்திய டிரைவரிடம், குறை ஒன்றும் இல்லாமல் போனாலும், "நல்ல வேலை செய்தாய்" என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் அடுத்த முறையும் நேரத்தோடு போன் வரும்.