கடைசி ஓவர் சிக்ஸரும்... மேல் மலையில் பெய்த மழையும்!

‘‘சீசன் எப்படி இருக்கு?’’

ஜூன், ஜூலை மாசத்தில் தென்காசியில் இந்தக் கேள்விக்கு ஒரே அர்த்தம்தான். மெயின் அருவியில் தண்ணி கொட்டுதா, ஐந்தருவியில் அஞ்சு கிளையும் ஓடுதா, சாரல் அடிக்குதா... அவ்வளவுதான்! ஆனா, மே மாசம் கேட்டா கதையே வேற. பெரும்பாலும் அப்போ அருவியில் பாறைதான் தெரியும். நம்ம பசங்க டீக்கடை டி.வி. முன்னாடி நின்னுக்கிட்டு ஐ.பி.எல். பாயின்ட் டேபிளை ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருப்பாங்க. செல்போனில் கால்குலேட்டர் ஓடிக்கிட்டு இருக்கும்!

‘‘நாம ஜெயிச்சு, பெங்களூரு தோத்து, டெல்லி மேட்ச்ல மழை வந்துட்டா... உள்ளே போயிரலாம்லே!’’

இந்த வசனத்தைப் பேசாத சி.எஸ்.கே. ரசிகன் உண்டா பாஸ்? நானும் மஞ்சள் பார்ட்டிதான். ஆனா, இந்த ‘கடைசி நேரப் பாய்ச்சல்’ விஷயத்தில் நம்ம ஆளுங்களோட எனக்கு ஒரு பஞ்சாயத்து இருக்கு. ப்ளே-ஆஃபுக்குள் நுழையற வீரம் கடைசி ஓவரில் பிறக்குதுனு நாம நம்பறோம். அப்படி எதுவும் கிடையாது. ஏப்ரலில் வாங்கின கடனை மே மாசத்தில் வட்டியோட கட்டறதுக்குப் பேர்தான் அந்தப் பாய்ச்சல்!

குற்றாலத்துக்காரங்களுக்கு இதை ஈஸியா புரிய வைக்கலாம். கீழே சுள்ளுனு வெயில் அடிக்கும். அருவியில் தண்ணி கொட்டும். ஏன்? தேனருவி பக்கம், மேல் மலையில் மழை பெஞ்சிருக்கும். நாம பார்க்கிறது விழுகிற இடத்தை மட்டும்தான். கிரிக்கெட்லயும் அதேதான் மக்கா!

தர்மசாலா தந்த போதை

2010, ஏப்ரல் 18. இந்தத் தேதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாங்க நம்ம சீனியர்கள். தர்மசாலாவில் பஞ்சாப்போட கடைசி லீக் மேட்ச். ஜெயிச்சா செமி ஃபைனல், தோத்தா வீட்டுக்கு. டார்கெட் 193. கடைசி ஓவரில் 16 ரன் வேணும். இர்ஃபான் பதான் பந்தில் ஒரு ஃபோர், ஒரு டபுள், அப்புறம் அடுத்தடுத்து ரெண்டு சிக்ஸர்... ரெண்டு பந்து மிச்சம் வெச்சு முடிச்சார் தோனி. 29 பந்தில் 54 நாட் அவுட். எப்பவும் கூலா இருக்கிற மனுஷன், அன்னிக்குத் தன் ஹெல்மெட்டிலேயே ஒரு குத்து விட்டுக்கிட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 25-ம் தேதி ஃபைனலில் மும்பையை 22 ரன்னில் ஜெயிச்சு முதல் கப்!

சிலிர்க்குதுல்ல? எனக்கும்தான். ஆனா, கொஞ்சம் ரீவைண்ட் பண்ணுங்க. அந்த சீசனில் முதல் 7 மேட்சில் சென்னை ஜெயிச்சது வெறும் 2. அதில் தோத்த ஒண்ணு, மார்ச் 21-ம் தேதி சேப்பாக்கத்தில் இதே பஞ்சாப்போட நடந்த மேட்ச். பஞ்சாப் அடிச்சது 136. சென்னையும் 136-ல் நின்னு, சூப்பர் ஓவரில் காலி! சொந்த ஊரில் 137 ரன்னை எட்டியிருந்தா, தர்மசாலாவில் அந்த நெஞ்சு வலியே தேவைப்பட்டிருக்காது.

அந்த வருஷம் சென்னை, பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா... நாலு டீமும் 14 பாயின்ட். உள்ளே போனது ரெண்டு, வெளியே போனது ரெண்டு. பிரிச்சது நெட் ரன் ரேட். தோனியோட ரெண்டு சிக்ஸர் நம்ம ஞாபகத்தில் இருக்கு. ஏப்ரல் 3-ம் தேதி ராஜஸ்தானை எதிர்த்து முரளி விஜய் 127 அடிச்சு, டீம் 246-ஐத் தொட்டது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? மேல் மலையில் பெய்த மழை அதுதான்!

அடுத்தவன் தயவு

2012-ல் இன்னும் கூத்து. தன்னோட கடைசி லீக் மேட்சில் சென்னை தோத்துப்போச்சு. இடம் மறுபடியும் தர்மசாலா, எதிரணி மறுபடியும் பஞ்சாப்! 17 பாயின்ட்டோட கையைப் பிசைஞ்சுக்கிட்டு மத்தவங்க மேட்சைப் பார்க்க வேண்டிய நிலைமை. மே 20-ம் தேதி பெங்களூருவுக்கு, ஏற்கெனவே வெளியே போயிருந்த டெக்கான் சார்ஜர்ஸ் வெச்ச டார்கெட் 133. ‘முடிஞ்சது கதை’னு நாம எல்லாம் தலையில துண்டைப் போட்டுக்கிட்டப்போ, டேல் ஸ்டெயின் 8 ரன் மட்டும் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். பெங்களூரு 9 ரன்னில் தோல்வி. அவங்களும் 17 பாயின்ட். ரன் ரேட்டில் சென்னை உள்ளே!

அதுக்கப்புறம் மும்பை, டெல்லினு ரெண்டு பேரையும் வீழ்த்தி ஃபைனல் வரைக்கும் போனது நிஜம். அங்கே கொல்கத்தாகிட்ட கப்பை விட்டதும் நிஜம். ஆனா, இந்த ரெண்டு வருஷமும் சேர்ந்து நமக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கத்துக் கொடுத்திருச்சு. ‘எப்படியாவது உள்ளே போயிருவோம். தல இருக்கார்ல!’ இந்த மிதப்புக்குத்தான் 2024-ல் பில் வந்துச்சு.

பத்தே பத்து ரன்

2024, மே 18. பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியம். ஆர்.சி.பி. 218. சென்னை ஜெயிக்கணும்னுகூட இல்லை... 201 எடுத்தாலே ப்ளே-ஆஃப்! மேட்சே நடக்காம மழையில் போயிருந்தாலும் சென்னை உள்ளே. அன்னிக்கு மூணு ஓவர் முடிஞ்சதும் மழை வந்தப்போ, ‘பெய்யட்டும், நல்லா பெய்யட்டும்’னு வேண்டின ரசிகர்கள் ஏராளம்.

எங்க பக்கம் அந்த வேண்டுதல் தொண்டையில் சிக்குச்சு. முந்தின நாள்தான் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, குளிக்க வந்த 17 வயசுப் பையன் ஒருத்தன் உயிர் போயிருந்தது. மழையைக் கும்பிட்டுக் கூப்பிடற ஊர் அன்னிக்கு வாயடைச்சுப் போயிருந்தது. அதை வெச்சுப் பார்த்தா ப்ளே-ஆஃப் எல்லாம் ஒரு விஷயமே இல்லைதான். ஆனா, ஆட்டத்துக்குள் பேசும்போதும் ஒரு கேள்வி இருக்கு. விளையாடாமலே உள்ளே போறதை எப்படி பாஸ் பாய்ச்சல்னு சொல்ல முடியும்?

கடைசி ஓவர். 17 ரன் எடுத்தா தகுதி. யஷ் தயாள் போட்ட முதல் பந்து, ஸ்டேடியத்தையே தாண்டிப் பறந்த 110 மீட்டர் சிக்ஸர். அடுத்த பந்தில் தோனி கேட்ச் அவுட். அப்புறம் அந்த ஓவரில் வந்தது ஒரே ஒரு ரன். 191-ல் முடிஞ்சுபோச்சு. பத்து ரன் குறைச்சல்.

‘பந்து வெளியே போனதால வேற பந்து கொடுத்தாங்க, அதான் போச்சு’, ‘தோனி முன்னாடியே இறங்கியிருக்கணும்’, ‘ஜடேஜா அடிச்சிருக்கணும்’னு ஹாஸ்டல் ஹாஸ்டலா விடிய விடிய விவாதம். நான் சொல்றது வேற. அந்தப் பத்து ரன் பெங்களூருவில் தொலையவே இல்லை!

ஏப்ரல் 23, சேப்பாக்கம். 210 அடிச்சும் லக்னோவைத் தடுக்க முடியலை. ஸ்டாய்னிஸ் 124 நாட் அவுட்டில் தூக்கிட்டுப் போயிட்டார். மே 1, அதே சேப்பாக்கம். பஞ்சாப்கிட்ட 162 எடுத்து, 13 பந்து மிச்சம் இருக்கும்போதே தோல்வி. இந்த ரெண்டில் ஒண்ணை ஜெயிச்சிருந்தா 16 பாயின்ட்டோட மே 18-ம் தேதி காலாட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கலாம். 42 வயசு மனுஷன் தலையில் அந்தக் கடைசி ஓவர் பாரத்தை ஏத்தியிருக்கவே வேண்டாம். திட்டறதா இருந்தா ஏப்ரலைத் திட்டுங்க மக்கா!

எதிரிகிட்ட படிக்கலாம்!

மனசு வலிச்சாலும் ஒத்துக்கணும்... அந்த வருஷம் நிஜமான பாய்ச்சல் பாய்ஞ்சது ஆர்.சி.பி.தான். முதல் 8 மேட்சில் ஜெயிச்சது ஒண்ணே ஒண்ணு. டேபிளில் கடைசி இடம். அங்கேயிருந்து தொடர்ந்து 6 வெற்றி. எப்படி ஜெயிச்சாங்கங்கிறதுதான் மேட்டர். குஜராத்துக்கு எதிரா 201 டார்கெட்டை 16 ஓவரில் முடிச்சாங்க. அதே குஜராத்தை அடுத்த வாரம் 13.4 ஓவரில் முடிச்சாங்க. பஞ்சாப்பை 60 ரன், டெல்லியை 47 ரன் வித்தியாசத்தில் சாய்ச்சாங்க. ‘ஜெயிச்சாச்சுல்ல, போதும்’னு எந்த மேட்சிலும் விடலை.

இங்கேதான் நெட் ரன் ரேட். சிம்பிள் கணக்குதான். மொத்த லீக்லயும் நாம ஓவருக்கு எத்தனை ரன் அடிச்சோம், ஓவருக்கு எத்தனை ரன் கொடுத்தோம்... முதலில் இருந்து ரெண்டாவதைக் கழிச்சா வர்றதுதான் அது. எதிரணி 20 ஓவரில் 160 எடுத்தா, ஓவருக்கு 8. அதை நாம 16 ஓவரில் எட்டினா, ஓவருக்கு 10. கடைசிப் பந்து வரைக்கும் இழுத்து ஜெயிச்சா கிட்டத்தட்ட பூஜ்யம்தான் மிச்சம். ரெண்டுக்குமே பாயின்ட் 2. ஆனா, மே மாசத்தில் முதல் வெற்றி மட்டும்தான் கூட வந்து நிக்கும்.

அதே 14 பாயின்ட்டில் பெங்களூரு உள்ளே, சென்னை வெளியே போனது இப்படித்தான். அந்தப் பாய்ச்சலும் எலிமினேட்டரில் ராஜஸ்தான்கிட்ட முடிஞ்சுபோச்சு. அது வேற விஷயம். ஆனா, 2025-ல் கப்பே அடிச்சாங்க. நாம? 4 வெற்றியோட கடைசி இடம். கால்குலேட்டருக்கே வேலை இல்லாம போச்சு!

நம்ம நெல்லைப் பசங்க

‘கடைசி நேர மிராக்கிளே பொய்யா?’னு கேட்பீங்க. இல்லவே இல்லை. நானே நம்ம ஊர்க் கதை ஒண்ணு சொல்றேன். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமா பிரிஞ்சாலும், டி.என்.பி.எல். டீம் விஷயத்தில் நாம இன்னும் நெல்லைதான். குற்றாலம் சீசனும் டி.என்.பி.எல். சீசனும் ஒரே நேரத்தில் வர்றதால, காலையில் அருவி, சாயங்காலம் மேட்ச்னு நமக்கு டபுள் விருந்து!

2023, ஜூலை 10. சங்கர் நகர் மைதானத்தில் ரெண்டாவது குவாலிஃபயர். திண்டுக்கல் டிராகன்ஸுக்கு எதிரா நெல்லை ராயல் கிங்ஸுக்கு டார்கெட் 186. கடைசி ரெண்டு ஓவரில் 37 ரன் வேணும். 19-வது ஓவரில் மட்டும் 33 ரன்! ரித்திக் ஈஸ்வரன் 11 பந்தில் 39, அந்தப் பக்கம் அஜிதேஷ். நெல்லை ஃபைனலில்! அந்த ராத்திரி ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியா தென்காசிக்குத் திரும்பின ரசிகனுக்கு ரோடே தெரிஞ்சிருக்காது.

ரெண்டே நாள். ஜூலை 12, அதே மைதானம், அதே கூட்டம். ஃபைனலில் கோவை கிங்ஸ் 205. நெல்லை 101-ல் சுருண்டது. 104 ரன் வித்தியாசம்!

இதில் நம்ம பசங்களைக் குறை சொல்ல ஒண்ணுமில்லை. ஆனா, ஒரு ஓவரில் 33 அடிச்ச மாதிரி இன்னொரு ஓவர், கேட்ட நேரத்தில் வராது. அது தீபாவளி போனஸ் மாதிரி. வந்தா கொண்டாடலாம். அதை நம்பி வீட்டு வாடகைக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

உடனே ஒரு மும்பை ரசிகர் கையைத் தூக்குவார். ‘2015-ல் முதல் நாலு மேட்சும் தோத்து, நாங்க கப் அடிக்கலையா?’ அடிச்சீங்க அண்ணாச்சி. மிச்சம் இருந்த 10 லீக் மேட்சில் 8 ஜெயிச்சீங்க. அதாவது, அஞ்சாவது மேட்சிலேயே முழிச்சுக்கிட்டீங்க. நான் சொல்றதும் அதையேதான்!

செமஸ்டர் சீக்ரெட்

இதெல்லாம் ஏன் கேம்பஸ் பக்கத்தில்? நம்மகிட்டயும் ஒரு பாயின்ட் டேபிள் இருக்கே! 25 மார்க் இன்டர்னலில் 9 வாங்கிட்டு, எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி ஜெராக்ஸ் கட்டோட உட்கார்ந்து, ‘செமஸ்டர்ல இவ்வளவு வந்தா, அந்த சார் மட்டும் லிபரலா திருத்தினா...’னு போடற கணக்கு இருக்கே... அது அச்சு அசல் மே மாச சி.எஸ்.கே. ரசிகன் கணக்கு. சில சமயம் ஒரு டேல் ஸ்டெயின் வந்து காப்பாத்துவார். சில சமயம் பத்து மார்க்கில் அரியர் விழும். அரியர் விழுந்தது எக்ஸாம் ஹாலில்னு நினைச்சுக்குவோம். இன்டர்னல் டெஸ்ட் அன்னிக்கு ஐந்தருவியில் குளிச்சுக்கிட்டு இருந்ததை மறந்துருவோம்!

அதுக்காக அடுத்த மே மாசம் நான் கால்குலேட்டரைத் தொட மாட்டேன்னு எல்லாம் சத்தியம் பண்ணலை. சி.எஸ்.கே. ரசிகனா பொறந்துட்டு அது முடியுமா? செங்கோட்டை பக்கம் பார்டர் புரோட்டாவைப் பிச்சுப் போட்டு, சால்னா ஊத்திக்கிட்டே ‘அவன் தோத்து இவன் ஜெயிச்சா...’னு பேசற சுகம் தனி. ஆனா, இனிமே ஏப்ரல் மேட்சையும் அதே படபடப்போட பார்க்கப் போறேன். ஏழாவது ஓவரில் சும்மா விடற சிங்கிளுக்கும், 15-வது ஓவரில் போடற வைடுக்கும் அப்பவே கத்தப் போறேன்.

நீங்களும் கத்துங்க. மே மாசத்தில் தொண்டை மிச்சமாகும்!