தூர்ந்த காது

மட்டக்களப்பு வாவிக்கும் கிழக்குக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் ஊர்களுள் பெரியகல்லாறும் ஒன்று. அப்பகுதியில் வீடும் வளவும் சீதனமாக மகளுக்கே சேர்வது பழைய வழக்கம். நகையும் பெரும்பாலும் தாயிடமிருந்து மகளுக்கே வரும். ஆதலால் ஒரு பெண்ணின் காதிற் கிடக்கும் தோடு அணி மாத்திரமன்று; ஆபத்துக்கு உதவும் கைமுதலுமாகும். விதைநெல்லுக்கோ வலைக்கோ மருந்துக்கோ பணம் முட்டுப்பட்டால் முதலிற் கழலுவது அதுவே. அடைவிலிருந்து தோடு மீண்டு வரும்போது காது தூர்ந்திருக்கும்.

இதனை அறிந்தே முன்னையோர் வெறுங்காதில் வேப்பங்குச்சியையோ ஈர்க்கையோ செருகி வைத்தனர். அதன் காரணம் எளிது. காதைக் குத்தியதும் முன்னும் பின்னுமிருந்து மேற்தோல் துளைக்குள் வளர்ந்து, அதன் உட்சுவரை மூடுகிறது. காதுச் சோணையில் இதற்கு 6 முதல் 8 வாரம் செல்லும். குருத்தெலும்புள்ள மேற்காதிலோ பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டும் ஆகும். அதற்குமுன் தோட்டைக் கழற்றினால் ஓரிரு நாளிலேயே துளை அடைபடலாம். பல்லாண்டு தோடு அணிந்த காது அவ்வளவு விரைவில் தூர்வதில்லை. சில வேளை வாய் மாத்திரம் மெல்லிய தோலால் மூடியிருக்கும். உள்ளே வழி எஞ்சியிருக்கும். சில வேளை முழுவதும் தழும்பாய் இறுகிவிடும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வீட்டிலே ஊசியை விளக்கிற் காட்டிப் பழைய அடையாளத்தைக் குத்துவது தவறாகும் இடம் இதுதான். தழும்பு இயற்கைத் தோலின் உறுதி இல்லாதது. பாரமான தோட்டை அதில் தொங்கவிட்டால் கிழிந்துபோகக்கூடும். அதனால் பழைய புள்ளியை விட்டு, அருகிலுள்ள நல்ல தசையைத் தேர்ந்து குத்துவதே பெரும்பாலும் ஏற்றது.

கிழிந்த காதைத் தைத்துப் பொருத்துவது புதிய கலையன்று. சுசுருத சங்கிதை அதற்குப் பதினைந்து முறைகளைக் கூறுகின்றது. இக்காலத்தில் தைத்தபின் சில மாதம் ஆறவிட்டு, தையற் கோட்டிலிருந்து விலகிக் குத்துவர்.

முதல் முறை குத்தியபோது துளையைச் சுற்றித் தசை தடித்து, காயத்தின் எல்லை கடந்து வளர்ந்ததா என்று நினைத்துப் பார்க்க வேண்டும். கீலாய்டு எனப்படும் அத்தடிப்பு கண்டவர்கள் வைத்தியரிடம் கேளாமல் மறுமுறை குத்தலாகாது. பலருக்குப் பயன்பட்ட ஊசி ஏற்புவலியையும் ஈரலைத் தாக்கும் கிருமியையும் கொண்டுவரலாம். புதிய ஊசியே வேண்டும். முலாம் பூசிய மலிவுத் தோடும் புதுக் காயத்துக்கு ஆகாது. அதிலுள்ள நிக்கல் பலருக்குச் சொறியையும் நீர்க்கசிவையும் உண்டாக்கும்.

குத்தியபின் ஒரு கோப்பை கொதித்தாறிய நீரிற் காற்கரண்டி உப்பைக் கரைத்து நாள்தோறும் கழுவினாற் போதும். உப்புத்தானே என்று வாவி நீரில் முழுகுவது அதற்கு ஈடாகாது. ஆறும்வரை அதனைத் தவிர்த்தலே நன்று. புண் சிவந்து வீங்கினாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் கண்டாலோ வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். தோட்டைத் தாமே கழற்றினால் வாய் மூடிச் சீழ் உள்ளே தங்கிவிடலாம்.

முதல் இரண்டு மாதமும் பாரமற்ற சிறு பொற்றோடே அக்காதுக்குப் போதும். மீட்டு வந்த பெரிய தோடு அதுவரை பெட்டகத்திற் கிடக்கட்டும். பின்னர் அது மறுபடியும் அடைவுக்குப் போக நேர்ந்தால், அந்தச் சிறு தோட்டையே காதில் விட்டுவைக்கலாம்.