சேர்வராயன் மலைக் கற்கோடரியும் எழும்பூர்ச் சமகாலக் கலைக்கூடமும்

முன்னுரை

அருங்காட்சியகம் என்றவுடன் தொல்பொருள்களே நினைவிற்கு வருகின்றன. ஆகவே, சமகாலக் கலைக்கு அங்கு இடமுண்டா என்னும் வினா எழுகிறது. 1851ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகம் இவ்விரண்டிற்கும் இடமளித்துள்ளது. ஏற்காட்டோடு தொடர்புடைய ஒரு தொகுப்பினை முன்னிறுத்தி இவ்வினாவை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

மலையிலிருந்து எழும்பூருக்கு

1863இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டறிந்த நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் ஃபூட், பணி ஓய்விற்குப் பின் ஏற்காட்டில் வாழ்ந்தார். அவர் பல்லாண்டுகளாகத் திரட்டிய கற்கருவிகளையும் மட்கலங்களையும் சென்னை அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. சேர்வராயன் மலையில் கிடைத்த, தேய்த்து மெருகிடப்பட்ட புதிய கற்காலக் கோடரிகளும் அத்தொகுப்பில் அடங்கும். இத்தகைய கற்களைச் சிறு கோயில்களில் வைத்து வழிபடும் வழக்கம் தமிழக மலைப்பகுதிகளில் காணப்படுவதாகும். கோயிலில் தெய்வமாக விளங்கும் கல், கண்ணாடிப் பேழைக்குள் 'கருவி' என்றே பெயர் பெறுகிறது. கல் மாறவில்லை, காண்போரின் நோக்கே மாறியது.

சமகாலக் கலைக்கூடம்

ஹென்றி இர்வின் வடிவமைப்பில் 1909இல் திறக்கப்பெற்ற விக்டோரியா நினைவு மண்டபம், 1951இல் தேசியக் கலைக்கூடமாயிற்று. இரவிவர்மாவின் ஓவியங்கள் அதில் இடம்பெற்றன. அவையும் வரையப்பட்ட காலத்தில் சமகாலக் கலையே என்பது கருதத்தக்கது. 1984இல் சமகாலக் கலைக்கெனத் தனிக்கூடம் அமைந்தது. 1850இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கலைப்பள்ளி வளர்த்த மரபினை இதனோடு இணைத்து நோக்க வேண்டும். அப்பள்ளியின் முதல்வராக விளங்கிய கே.சி.எஸ். பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையில் எழுத்து, எண், சாதகக் கட்டம் ஆகியவற்றை ஓவிய மொழியாக்கினார். பழைமையிலிருந்தே புதுமை பிறக்கும் என்பதற்கு இது சான்றாகும்.

முடிவுரை

சமகாலம் என்பது பொருளின் வயதை மட்டும் குறிப்பதன்று. அப்பொருளோடு வாழும் மக்கள் இன்று அதற்கு வழங்கும் பொருளையும் குறிப்பதாகும். மலைவாழ் மக்களின் பொருள்களைத் தொல்லியல், மானிடவியல் கூடங்களில் மட்டும் வைப்பின், அம்மக்கள் கடந்த காலத்தவராகவே தோற்றமளிப்பர். கோடரியின் விளக்கப்பலகையில் அதன் காலத்தோடு அதனைச் சார்ந்த வழிபாட்டு வழக்கமும் இடம்பெறல் வேண்டும். மலைமக்களின் இன்றைய படைப்புகளும் சமகாலக் கூடத்தில் இடம்பெறல் வேண்டும். அவ்வாறு அமையின் இரு கூடங்களும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகளாக விளங்கும்.