பரிசும் பையும்



நாய் வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. மாலை வேளையில் தெருக்கதவு சற்றே திறந்திருக்கிறது. நாய் வெளியே பாய்ந்துவிடுகிறது. வீட்டுப் பிள்ளை பின்னாலேயே ஓடி, "வா, வா" என்று கூவுகிறான். நாய் சாலை நடுவில் நின்று திரும்பிப் பார்க்கிறது. பத்து முறை அழைத்த பிறகு தயங்கித் தயங்கி வருகிறது. வந்ததும் அதன் முதுகில் ஓர் அடி விழுகிறது. ஓடியதற்காக அடித்தோம் என்று பிள்ளை எண்ணுகிறான். நாயோ, அழைத்த குரலுக்கு வந்ததன் பயன் அடிதான் என்று கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை அது இன்னும் அதிகமாகத் தயங்கும். எதிரே வரும் பேருந்து அந்தத் தயக்கம் தீரும் வரையில் காத்திராது.

பிள்ளையின் எண்ணத்தில் குற்றமில்லை. பிழையெல்லாம் காலத்தில் இருக்கிறது. நாய்க்கு நாம் தரும் அடியோ பரிசோ, அதற்குச் சற்று முன் அது செய்த செயலோடுதான் சேரும். ஆதலால், நாயைப் பழக்க விரும்புவோர் முதலில் எண்ண வேண்டிய கேள்வி மிக எளியது: பரிசாகத் தரும் தின்பண்டத்தை எங்கே வைத்துக்கொள்வது? சிறு கேள்வி என்று நகைக்க வேண்டா. பயிற்சியின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இதில் அடங்கியிருக்கிறது.

இதற்கு விடை காண இரண்டு ஆராய்ச்சிகள் நமக்கு உதவும். அமெரிக்க உளநூலறிஞர் எட்வர்டு தார்ண்டைக் என்பவர், பசித்த பூனைகளைக் கூண்டில் அடைத்து, உணவை வெளியே வைத்துப் பார்த்தார். அவர் தம் ஆராய்ச்சியை 1898-இல் வெளியிட்டார். பூனை கீறும், பிறாண்டும், முட்டும், ஏதோ ஒரு தருணத்தில் தற்செயலாகத் தாழைத் தொட்டுவிடும், கதவு திறக்கும். மீண்டும் மீண்டும் அடைத்தபோது, வீண் முயற்சிகள் குறைந்தன. தாழைத் திறக்கும் செயல் விரைந்தது. இன்பமான விளைவைத் தரும் செயல் நிலைபெறுகிறது என்பது அவர் கண்ட விதி.

மற்றோர் ஆராய்ச்சி ருசிய நாட்டில் நடந்தது. செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற இவான் பாவ்லவ், நாய்களின் வாயில் ஊறும் உமிழ்நீரை அளந்துவந்தார். உணவு தருவதற்கு முன்பு ஓர் ஒலியைத் தொடர்ந்து எழுப்பிவந்தால், சில நாட்களில் அந்த ஒலி கேட்ட அளவிலேயே உமிழ்நீர் ஊறுவதைக் கண்டார். உணவுக்கு முன்னோடியாக வருவது எதுவாயினும், அதை நாய் அடையாளமாக ஏற்றுக்கொள்கிறது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு இரு கட்டளைகள் கிடைக்கின்றன. பரிசு உடனே கிடைக்க வேண்டும். ஆகவே அது கைக்கு அருகில் இருக்க வேண்டும். அதே வேளையில், பரிசைக் காண்பதே கட்டளைக்கு அடையாளமாகிவிடக் கூடாது. ஆகவே அது கண்ணுக்கு எதிரில் இருக்கக் கூடாது. அருகில் இருக்க வேண்டும், மறைவிலும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் பொருந்திய இடம் எது?

பலர் தின்பண்டத்தைக் கையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். புதிய பாடத்தின் முதல் சில முறைகளில் இது உதவும். துணுக்கை நாயின் மூக்குக்கு மேலே பின்னோக்கி நகர்த்தினால், தலை உயர்ந்து, பின்புறம் தாழ்ந்து, நாய் தானே உட்காரும். ஆனால் இதையே நீடித்தால், கையில் துணுக்கு உள்ளபோது மட்டும் உட்காரும் நாயாக அது வளரும். செயலுக்குப் பின் வருவது பரிசு. செயலுக்கு முன் காட்டப்படுவது கைக்கூலி. கைக்கூலிக்குப் பழகியவன் வெறுங்கையைக் கண்டால் வேலை செய்வதில்லை.

சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலும் போட்டுக்கொள்வோர் சிலர். அங்கே விரல்கள் சிக்கும், துணுக்குகள் நசுங்கும், கை வெளியே வருவதற்குள் உட்கார்ந்த நாய் எழுந்துவிடும். பரிசு அப்போது எழுந்ததற்கே போய்ச் சேரும். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பை பாக்கும் சில்லறையும் சிந்தாமல் காத்தது. ஆனால் அதன் வாயைத் தளர்த்த இரு கைகள் வேண்டும். பேருந்து நடத்துநரின் தோற்பையைப் பாருங்கள். குலுங்கும் வண்டியில் நின்றபடி, குனிந்து பாராமலே, ஒரு கையால் சில்லறையை எடுத்துவிடுகிறார். அகன்ற வாயுள்ள அத்தகைய சிறு பையை இடுப்புக் கச்சையில் கோத்து, சற்றுப் பின்புறமாகத் தள்ளி அணிவதே சிறந்தது. கை உடனே எட்டும். நாயின் பார்வையோ பையில் நிலைக்காமல் நம் முகத்தை நாடும்.

நாயை இடப்புறத்தில் நடத்துவது பயிற்சியாளர் வழக்கம். அப்போது இடக்கையால், நம் கால் ஓரத்திலேயே பரிசைத் தர வேண்டும். வலக்கையால் நீட்டினால், நாய் அதைப் பெற நம் முன்னே குறுக்கிட்டு வரும்; நாளடைவில் குறுக்கே நடப்பதையே பாடமாகக் கொள்ளும்.

எவ்வளவு அருகில் பை இருந்தாலும் கை சென்று மீளச் சிறிது நேரமாகும். இந்த இடைவெளிக்குப் பாலமாக ஓர் ஒலி உதவும். பி. எஃப். ஸ்கின்னர் என்ற அறிஞர் 1951-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கிளிக்கென்று ஒலிக்கும் சிறு விளையாட்டுப் பொருளை இதற்குப் பயன்படுத்தலாம் என்று விளக்கினார். "நன்று" என்ற ஒரு சொல்லும் அவ்வேலையைச் செய்யும். முதலில், சொல்லைக் கூறியவுடன் ஒரு துணுக்குத் தந்து, பல முறை பழக்குங்கள். பிறகு நாய் உட்கார்ந்த அந்தக் கணத்தில் "நன்று" என்று சொல்லுங்கள். அதன் பின்னரே கை பைக்குச் செல்லட்டும். கை முந்திவிட்டால், நாய் உங்கள் சொல்லை விட்டுவிட்டு உங்கள் தோளின் அசைவைப் படிக்கத் தொடங்கிவிடும்.

பையில் வைப்பது பட்டாணி அளவில் நறுக்கிய, உப்பும் மசாலையும் சேராத வேகவைத்த கோழி இறைச்சியாக இருக்கலாம். அவித்த காரட்டும் ஆகும். இவ்வாறு தருவது ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதிருப்பது நலம்; அந்த அளவை வேளை உணவில் குறைத்துக்கொள்ள வேண்டும். நம் வெயிலில் இறைச்சி விரைவில் கெடும். ஆதலால் சிறிதளவே எடுத்து, மிஞ்சியதை எறிந்து, பையை அன்றன்றே கழுவி உலர்த்துங்கள். சாக்கொலேட்டு, திராட்சை, வெங்காயம் ஆகியவை நாய்க்கு நஞ்சு. சர்க்கரையில்லாத சில சூயிங்கங்களில் சேரும் சைலிட்டால் என்ற இனிப்பு மிகக் கொடியது. அவற்றை இந்தப் பையில் ஒருபோதும் போடாதீர்கள்.

பையை அணிந்தால்தான் கீழ்ப்படியும் நாயும் உண்டு. பையே அடையாளமாகிவிட்டதன் விளைவு அது. இதைத் தவிர்க்க, சில நாள் வெறும் பையை அணிந்து உலாவுங்கள். சில நாள் பையின்றிப் பயிற்றுங்கள். மூடியுள்ள டப்பாவில் துணுக்குகளை இட்டு அலமாரியிலோ மதில் மேலோ வைத்திருந்து, "நன்று" என்ற பின் அங்கிருந்து எடுத்துத் தாருங்கள். பாடம் நன்றாகப் படிந்தபின், ஒவ்வொரு முறையும் தராமல், சில முறை துணுக்கும் சில முறை தடவிக்கொடுத்தலுமாக மாற்றுங்கள். எப்போது வரும் என்று அறிய முடியாத பரிசினால் நிலைபெற்ற பழக்கம், எளிதில் மறைவதில்லை என்பதும் ஆராய்ச்சியில் தெளிவான உண்மை.

மீண்டும் அந்தத் தெருக்கதவுக்கு வருவோம். இராசபாளையத்து நாயானாலும் தெருவில் எடுத்து வளர்த்த குட்டியானாலும், "வா" என்ற சொல்லைக் கேட்டு வந்தபோதெல்லாம் நன்மையே கண்டிருந்தால், அது சாலை நடுவில் நின்று கணக்குப் பார்ப்பதில்லை, திரும்பி ஓடிவரும். அன்று உங்கள் இடுப்பில் பை இல்லாதிருக்கலாம். அதனால் குறையில்லை. பல நாள் பையிலிருந்து நீங்கள் எடுத்துக் கொடுத்ததெல்லாம் அந்த ஒரு சொல்லில் சேர்ந்திருக்கும். வந்த நாயை அடிக்காமல் தடவிக்கொடுங்கள். பிறகு கதவைத் தாழிடுங்கள். கதவைத் திறந்து வைத்த பிழை நாயினுடையது அன்று.