ஒரே மண்டியை நம்பாத வியாபாரி

ஒரே மண்டியில் சரக்கு எடுப்பவர், மண்டிக்காரர் சொல்லும் விலைக்குத் தலையாட்டியாக வேண்டும் என்பது நாம் அறிந்ததே. கம்ப்யூட்டர் விளையாட்டு வியாபாரத்திலும் இந்தக் கவலை எழுந்தது.

அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ‘ஸ்டீம்’ என்னும் இணையக் கடையில் விளையாட்டுகளை விற்கிறது. வாடிக்கையாளரில் பெரும்பாலோர் மைக்ரோசாஃப்டின் விண்டோஸில் விளையாடுபவர்கள். 2012-இல் விண்டோஸ் 8 உடன் மைக்ரோசாஃப்டே சொந்தக் கடை திறந்தது. இடம் கொடுத்தவரே எதிர்க்கடை போட்டால் நாம் வேறு இடம் பார்ப்போம் அல்லவா? வால்வும், எவரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய லினக்ஸ் பக்கம் திரும்பியது.

2013-இல் ஸ்டீம் லினக்ஸுக்கு வந்தது. 2015-இல் வந்த ‘ஸ்டீம் மெஷின்’ பெட்டிகள் போணியாகவில்லை. லினக்ஸில் ஓடும் விளையாட்டுகள் அன்று குறைவு. ஆயினும் வால்வ் கைவிடவில்லை. விண்டோஸுக்கென எழுதிய விளையாட்டுகளை லினக்ஸில் ஓட வைக்கும் ‘புரோட்டான்’ மென்பொருளை 2018-இல் வெளியிட்டது. 2022-இல் கையடக்க ‘ஸ்டீம் டெக்’ வந்தபோது சரக்குக்குப் பஞ்சமில்லை, விற்பனையும் சூடுபிடித்தது.

குறையும் உண்டு. ஏமாற்றி ஆடுவோரைத் தடுக்கும் மென்பொருள் காரணமாக ‘ஃபோர்ட்நைட்’ போன்றவை லினக்ஸில் ஓடுவதில்லை. ‘ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ்’ 2024-இல் லினக்ஸுக்குக் கதவடைத்தது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆகவே, வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைக் கழிப்பதற்கு முன், பிள்ளைகளின் விளையாட்டு லினக்ஸில் ஓடுமா என்று விசாரியுங்கள். கடைக் கம்ப்யூட்டரானால், பில் போடும் மென்பொருள் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றுங்கள்.